கொசு டீச்சரும் குட்டை இறக்கையும்

எங்கள் மாடிப் போர்ஷனை வாடகைக்குப் பார்க்க வந்தவர்களில் அவரைப்போல வீடு பார்த்தவர் வேறு யாரும் இல்லை. மற்றவர்கள் வந்ததும் குழாயைத் திறந்து பார்ப்பார்கள், தண்ணீர் உப்பா என்று கேட்பார்கள், வாடகையில் கொஞ்சம் குறைக்கச் சொல்வார்கள். அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, சுவரை அண்ணாந்து பார்த்தபடி இரண்டு அறைகளையும் சுற்றி வந்தார்.  எனக்குப் பொறுமை போய்விட்டது.

"என்னா டீச்சர், வூடு புடிச்சிருக்குதா?"

"கெழக்க ஒரு ஜன்னல், தெக்க ஒரு ஜன்னல். பாத்ரூம் கதவு அடியில உப்பிப் போயிருக்குது. அந்த மூலையில ஓதம் ஏறி பூசணம் பூத்திருக்குது" என்றார்.

"அதெல்லாம் வெள்ளையடிச்சா போயிடும். புடிச்சிருக்குதா, இல்லையா?"

"இன்னும் குடியிருந்து பாக்கலீங்களேக்கா. வெள்ளையடிச்சாலும் அந்த மூலைய மட்டும் விட்டுடுங்க."

பூசணம் பிடித்த மூலைக்காக ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்த ஒரே ஆள் உலகத்தில் அவர்தான். காலேஜில் விலங்கியல் சொல்லிக்கொடுக்கும் கௌரவ விரிவுரையாளர். ஒல்லி, நெட்டை, மூக்கின் நுனியில் கண்ணாடி. ஊர் திண்டிவனம் பக்கம் என்றார்.

நானோ இதற்கு நேர் எதிர். விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையில் சின்னதாகப் பொம்மைக் கம்பெனி நடத்துகிறேன். மயில், யானை, பிள்ளையார், விளக்கு என்று எல்லாம் செய்வோம். வியாபாரி வாய் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். "கெட்டியா புடிச்சுக்குங்க, பறந்துடப்போவுது" என்று சொல்லித்தான் மயிலை விற்பேன். கையிலிருந்து நழுவினால் சுக்குநூறாகிற சாமான் அது. என் பேச்சில் எதற்கும் ஒரு சுற்று கூடவே இருக்கும். அவர் பேச்சில் ஒரு சுற்று குறைந்துகூட இருக்காது, கூடியும் இருக்காது.

என் அக்கா மகளுக்குப் பெண்ணாடத்தில் மாப்பிள்ளை பார்க்கப் போனபோது, படித்தவர் ஒருவர் கூட இருக்கட்டும் என்று அவரையும் அழைத்துப் போனோம். அங்கே கேசரி சாப்பிட்டார், டீ குடித்தார், வாயைத் திறக்கவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் அக்கா ஆவலாகக் கேட்டாள்.

"பையன் எப்படிங்க டீச்சர்?"

"நெத்தி அகலம். எடது புருவத்துல ஒரு தழும்பு. அவங்கம்மா பேசும்போது குறுக்க பேசல. தங்கச்சி தண்ணி கொண்டாந்தப்ப எழுந்து நின்னு வாங்கிக்கிட்டாரு."

"அதெல்லாம் கெடக்கட்டும். நல்ல பையனா?"

"ஒரு டீ குடிக்கிற நேரந்தானேக்கா பாத்தேன்."

அக்காவுக்கு முகம் சுருங்கிவிட்டது. ஆனால் முன் சீட்டிலிருந்த என் அக்கா மகள் திரும்பி, "தங்கச்சிகிட்ட எழுந்து வாங்குனாரா?" என்று கேட்டாள். "ஆமா, பாத்தேன்" என்றார் டீச்சர். அவ்வளவுதான், அவள் சம்மதித்துவிட்டாள். இன்றுவரை நன்றாக இருக்கிறார்கள்.

இந்தக் குணத்தால் பகையும் வரும். கரும்பு ஏற்றிக்கொண்டு மில்லுக்குப் போன டிராக்டர் பக்கத்து வீட்டுக் காம்பவுண்டில் இடித்து, சுவர் விரிசல் விட்டது. அந்த நேரம் மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவர் டீச்சர் மட்டும்தான். பக்கத்து வீட்டுக்காரர் சாட்சி சொல்லக் கூப்பிட்டார். "டிராக்டரப் பாத்தேன். சத்தம் கேட்டுது. திரும்புனா செவுத்துல விரிசல் இருந்துது. ரெண்டும் முட்டுனத நான் பாக்கல" என்றார் டீச்சர். டிராக்டர்காரன் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போயே போய்விட்டான். பக்கத்து வீட்டு மனுஷர் அதற்குப் பிறகு எங்கள் வீட்டுப் பக்கமே திரும்பிப் பார்ப்பதில்லை. எனக்கும் அன்றைக்கு எரிச்சலாகத்தான் இருந்தது.

ஆனால் ஒருநாள் மாடிப்படியில் என்னை நிறுத்தி, "அக்கா, அண்ணா கொஞ்ச நாளா எடது செருப்ப மட்டும் தேச்சுத் தேச்சு நடக்குறாரு" என்றார்.  என் வீட்டுக்காரரை உட்காரவைத்துப் பாதத்தைப் பார்த்தால், அடியில் புண். அவருக்கே தெரியவில்லை. ஆஸ்பத்திரியில் சர்க்கரை எகிறிப்போய் இருப்பதாகச் சொன்னார்கள். கொஞ்ச நாள் விட்டிருந்தால் விரலே போயிருக்குமாம். தினமும் அவர் பக்கத்தில் படுக்கிற எனக்குத் தெரியாதது மாடியிலிருந்து பார்த்தவருக்குத் தெரிந்தது. அன்றைக்கு அந்தப் பெண்ணைக் கட்டிப்பிடித்து அழுதேன். அவருக்குக் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

இப்போது பூச்சிக்கு வருகிறேன்.

எங்கள் ஷெட்டின் பின்னால் மோல்டு ரூம் என்று ஒரு பழைய அறை இருந்தது. மோல்டு என்றால் பொம்மை வார்க்கிற பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சு. கரைத்த களிமண்ணை அதில் ஊற்றினால் அச்சு தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும், மண் பொம்மையாக இறுகும். அதனால் அச்சுகளில் எப்போதும் ஈரம் இருக்கும். மழைக்காலத்தில் பழைய அச்சுகளின் முதுகில் பச்சையும் கறுப்புமாகப் பூசணம் படரும். ஒருநாள் கம்பெனியைப் பார்க்க வந்த டீச்சர் மயிலைப் பார்க்கவில்லை, யானையைப் பார்க்கவில்லை. நேராக அந்த அறைக்குள் போய் டார்ச் அடித்துக்கொண்டு குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் கண்ணாடிக் குழாயும் ரப்பர் டியூபும் கொண்டுவந்தார். டியூபின் ஒரு முனையை வாயில் வைத்து உறிஞ்சினால் பூச்சி குழாய்க்குள் வந்து விழும். வாய்க்குள் போகாமல் நடுவில் வலை உண்டு. அது எங்கள் கம்பெனியில் வேலை செய்யும் பெண்களுக்குத் தெரியாதே. "யக்கா, ஓடியாங்க, டீச்சரு கொசுவ உறிஞ்சுறாங்க!" என்று ஒரே கூச்சல். அன்று முதல் தொழிற்பேட்டை முழுவதும் அவர் கொசு டீச்சர் ஆகிவிட்டார்.

அது கொசு இல்லையாம். கொசுவுக்குத் தூரத்துச் சொந்தமாம். கடிக்காது. புழுவாக இருக்கும்போது பூசணத்தைத் தின்று வளரும். எள்ளைவிடச் சின்னது, நிறம் கறுப்பு. இதில் என்ன அதிசயம் என்றால், எங்கள் ரூம் பூச்சிக்கு இறக்கை இருந்தும் இல்லாத மாதிரி. குட்டையாக, வயிற்றில் பாதிகூட எட்டாமல் ஒட்டிக்கொண்டிருந்தது. பறக்கத் தெரியாது, ஓடும், குதிக்கும்.

"புதுசா டீச்சர்? இதுவரைக்கும் யாரும் பாக்காததா?" என்று கேட்டேன். விருத்தாசலத்தில் யாரும் பார்க்காத பூச்சி என் கம்பெனியில் என்று அதற்குள் மனசுக்குள் போர்டு எழுதிவிட்டேன்.

"யாரும் பாக்காததுன்னு சொல்ல முடியாது. எழுதி வச்சதுல இருக்குதான்னு பாக்கணும்."

மாதக்கணக்கில் பார்த்தார். காலேஜ் மைக்ராஸ்கோப்பில் பார்த்தார், எங்கெங்கேயோ எழுதிப் படங்கள் வரவழைத்து ஒப்பிட்டுப் பார்த்தார். கடைசியில் ஒரு டீ நேரத்தில் வந்து, "எழுதுனதுல இது இல்லக்கா" என்றார். கண்ணாடி மூக்கிலிருந்து தலைக்கு ஏறியிருந்தது. அவர் சந்தோஷப்பட்டால் கண்ணாடி அங்கே போய்விடும், பிறகு அதையே தேடிக்கொண்டிருப்பார்.

அதைப் பற்றி எழுத ஆரம்பித்தார். எழுதுகிற விதம்தான் வேடிக்கை. தலையில் தொடங்கி வால்வரை ஒன்றுவிடாமல். மீசையில் எத்தனை கணு, ஒவ்வொரு கணுவும் எவ்வளவு நீளம், முட்டிக்குக் கீழே எத்தனை முள், எந்த இடத்தில் வெளிறல், எந்த இடத்தில் பழுப்பு. அதைத் தமிழில் எங்களுக்கு வாசித்துக்காட்டுவார். எங்கள் ஃபினிஷிங் மேசையில் உட்கார்ந்திருக்கும் செல்வி, கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து பஸ்ஸில் வருகிறவள், அச்சிலிருந்து எடுத்த பொம்மையில் அச்சின் இரண்டு பாதியும் சேர்ந்த கோட்டைச் சுரண்டியபடியே சொல்வாள்: "எங்க மாமியா என்ன பொண்ணு பாக்க வந்தப்பகூட இப்படி உத்துப் பாக்கல டீச்சர்."

என் வீட்டுக்காரர் தன் பெயரை அந்தப் பூச்சிக்கு வைக்கச் சொல்லி ஜாடைமாடையாகக் கேட்டுப் பார்த்தார். "உங்கள மாதிரி அதுல எதையும் பாக்கலீங்கண்ணா" என்றுவிட்டார் டீச்சர். மனுஷர் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டார்.

ஒரே ஒரு குறை. பிடித்ததெல்லாம் பெண். ஆண் ஒன்றுகூட அகப்படவில்லை. இந்த ஜாதியில் ஆணின் வால் நுனியில் குறடு மாதிரி ஒன்று இருக்கும், அதன் வடிவத்தை வைத்துத்தான் இன்ன இனம் என்று அடித்துச் சொல்ல முடியுமாம். அதோடு இன்னொரு கேள்வியும் இருந்தது. இந்த மாதிரிப் பூச்சிகள் பலவற்றில் பெண்ணுக்கு மட்டும்தான் இறக்கை குட்டை. ஆணுக்கு முழு இறக்கை இருக்கும், பறந்து வந்து பெண்ணைத் தேடும். எங்கள் பூச்சியில் எப்படி? ஆணைப் பார்த்தால்தான் தெரியும்.

அதற்கு அவகாசமும் குறைந்துகொண்டே வந்தது. நாங்கள் கேஸ் சூளைக்கு மாறுவதாக இருந்தோம். அதற்கு இடம் வேண்டி, பொங்கல் கழிந்ததும் மோல்டு ரூமை இடிப்பது என்று முடிவாகியிருந்தது. டீச்சருக்கு அது தெரியும். இடிக்காதீர்கள் என்று ஒருநாளும் கேட்கவில்லை. காலேஜுக்குப் போகும் முன்னும் வந்த பின்னும் அறைக்குள் போய்க் குத்துக்காலிட்டு உட்காருவார். அவரைப் பார்த்துப் பார்த்துச் செல்வியும் பிரஷ்ஷால் பூச்சியை நோகாமல் அமுக்கிப் பிடிக்கப் பழகிக்கொண்டாள்.

ஆணைப் பிடித்தது செல்விதான். மழை விட்டிருந்த ஒரு காலை. "டீச்சர், இது வாலு வேற மாரி இருக்குது" என்று கூப்பிட்டாள். டீச்சர் லென்ஸைக் கண்ணில் வைத்து வாலைப் பார்த்தார். கண்ணாடி தலைக்குப் போய்விட்டது. "ஆண்! செல்வியக்கா, ஆண்!" என்றார். அவர் சத்தம் போட்டுப் பேசியதை அன்றுதான் கேட்டேன். காலேஜில் பரீட்சை டியூட்டி, பஸ் போய்விடும். சின்ன பாட்டிலில் ஸ்பிரிட் ஊற்றிப் பூச்சியைப் போட்டு மூடி, "சாயந்திரம் வந்து பாக்குறேன். பத்திரமா வச்சிருங்க" என்று செல்வி கையில் கொடுத்துவிட்டு ஓடினார்.

இங்கே எங்கள் தொழிலைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். எங்களுக்கு ஈரம்தான் எதிரி. ஈரத்தோடு சூளைக்குள் போகிற பொம்மை வெடிக்கும், பக்கத்தில் இருக்கிற நாலு பொம்மையையும் கெடுக்கும். அதனால் ஷெட்டில் எது நனைந்தாலும் எங்கள் கை அதைத் தானாகச் சூளைமேல் பலகையில் கொண்டுபோய் வைத்துவிடும். நனைந்த குடை, செருப்பு, வீட்டுக்காரரின் பர்ஸ், ஒருமுறை ஒரு கட்டு கல்யாணப் பத்திரிகை. பத்திரம் என்றால் எங்களுக்குக் காய்ந்து இருப்பதுதான் பத்திரம்.

சாயந்திரம் டீச்சர் வந்தபோது பாட்டில் சூளைமேல் இருந்தது. மூடி பக்கத்தில் இருந்தது. ஸ்பிரிட் இல்லை.

"தண்ணியில ஊறிக் கெடந்துது டீச்சர். கெட்டுப்போயிடுமேன்னு கொட்டிட்டுக் காய வச்சேன்" என்றாள் செல்வி. சொல்லும்போதே டீச்சர் முகத்தைப் பார்த்து அவளுக்குப் புரிந்துவிட்டது. அழ ஆரம்பித்தாள்.

டீச்சர் திட்டவில்லை. ஒரு வெள்ளைத் தட்டு கேட்டார். பாட்டிலை அதன்மேல் மெல்லத் தட்டிக் கவிழ்த்து, லென்ஸை வைத்துப் பார்த்துக்கொண்டே ஒவ்வொன்றாகச் சொன்னார். 

"தலை இருக்குது. மீசை ஒண்ணு இருக்குது. காலு மூணு உடைஞ்சிருக்குது. வாலு நுனி முழுசா இருக்குது, ஊற வச்சா போதும். ரெக்க ரெண்டும் பொடியாப் போச்சு."

செல்வி கண்ணைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தாள். "ரெக்கையத்தான் நான் பாத்தேனே டீச்சர். பொட்டைக்கு இருக்குற மாரியே குட்டை. பறக்கல, குதிச்சுது. நாந்தானே அமுக்குனேன்."

"நீங்க பாத்தீங்க செல்வியக்கா. நான் பாக்கல."

"அப்ப நான் பொய்யா சொல்றேன்?"

"அப்படிச் சொல்லல. நான் வாலத்தான் பாத்தேன். ரெக்கையையும் பாத்திருக்கணும், பாக்கல."

 செல்வி பொம்மை துடைக்கிற ஸ்பாஞ்சை எடுத்துக்கொண்டு மேசைக்குப் போய்விட்டாள்.

டீச்சரின் ஆராய்ச்சிக்கு வழிகாட்டச் சென்னையில் ஒரு சார் உண்டு. கட்டுரையில் அவர் பெயரும் சேர்ந்து வரும். அவரிடம் போனில் பேசியதை நானும் கேட்டேன். "குட்டைன்னு போட்டுடும்மா, யாரு வந்து பாக்கப்போறா?" என்றார். எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது. போனை வைத்ததும் நான் பிடித்துக்கொண்டேன்.

"செல்வி பாத்தத எழுதுறதுக்கு உங்களுக்கு என்னா கஷ்டம்? ஒரு வார்த்தை தானே?"

"அந்த ஒரு வார்த்தைய நம்பி நாளைக்கு யாராவது எங்கயாவது ஒரு ஆணப் புடிச்சிட்டு, ரெக்க நீளமா இருக்குது, இது அது இல்லன்னு தள்ளிடுவாங்கக்கா. தப்பா எழுதிட்டா அப்புறம் திருத்த ஆளு கெடைக்காது."

"அப்ப செல்வி மனசு?"

 டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே நின்றார். அவர் மேல் எனக்கு அவ்வளவு கோபம் வந்தது அன்றைக்கு மட்டும்தான்.

அறையை இடிக்கும் வேலையை என் வீட்டுக்காரர் தள்ளிப்போட்டார். காலில் புண் ஆறிய மனுஷர், டீச்சருக்காக எதையும் செய்வார். சூளை வைக்கிற ஆட்கள் வேப்பூர் தாண்டி வந்துவிட்டார்கள் என்று போன் வரும்வரை எல்லோரும் டார்ச்சும் கையுமாக அச்சுகளைப் புரட்டினோம். செல்வி மட்டும் வரவில்லை. அகப்பட்டதெல்லாம் பெண்தான். பிறகு அறை போயிற்று, அந்த இடத்தில் கேஸ் சூளை வந்தது.

கட்டுரையும் வந்தது. தான் சொன்னபடி எழுதாததால் சென்னை சார் தன் பெயரைக் கட்டுரையிலிருந்து எடுத்துவிட்டார் என்று பிறகு தெரிந்தது. எழுதியது இவர் ஒருவர்தான். ஷெட்டில் நின்று எங்களுக்குத் தமிழில் சொன்னார். இறக்கை வந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்தி வாசித்தார். ஆணின் இறக்கைகள் காய்ந்து உதிர்ந்துவிட்டன, ஆசிரியர் பார்க்கவில்லை. பூச்சியைப் பிடித்த செல்வி, அவை பெண்ணினுடையதைப் போலவே குட்டையாக இருந்தன என்று சொல்கிறார்.

எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. எங்கள் செல்வி பெயர் அச்சில் வந்துவிட்டதே. செல்வி நிமிர்ந்து பார்த்துக் கேட்டாள்.

"சொல்கிறார்னா என்னா அர்த்தம்? இந்தப் பொம்பள சொல்லுது, நாங்க நம்பலன்னு தானே?"

டீச்சர் வாசித்த தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். அந்த வருடமே அவருக்குக் கோயம்புத்தூர் பக்கம் நிரந்தர வேலை கிடைத்தது. வேன் வந்து சாமான் ஏற்றிய அன்று ஷெட்டுக்கு வந்து எல்லோரிடமும் சொல்லிக்கொண்டார். செல்வி ஸ்பாஞ்ச் அலசுவதாகக் குழாயடிக்குப் போனவள், வேன் கிளம்பும்வரை திரும்பி வரவில்லை. அதற்குப் பிறகு டீச்சர் என்னிடம் போனில் பேசும்போதெல்லாம் "செல்வியக்கா எப்படி இருக்காங்க?" என்று கேட்பார். நான் போனை நீட்டினால் செல்வி தலையாட்டி மறுத்துவிடுவாள்.

இடித்த அறையின் உடைந்த அச்சுகளைப் பின்பக்கக் காம்பவுண்டு ஓரம் கொட்டியிருந்தோம். அதன்மேல் வேப்பிலை உதிர்ந்து, மழை பெய்து, பூசணம் பிடித்துக் கிடந்தது. அந்தப் பக்கம் யாரும் போவதில்லை என்றுதான் நினைத்திருந்தேன். போன மழையின்போது ஒருநாள் மத்தியானம் செல்வி என் முன்னால் வந்து ஒரு சின்ன பாட்டிலை வைத்தாள். கழுத்துவரை ஸ்பிரிட், மூடிக்குமேல் டேப் வேறு சுற்றியிருந்தது. உள்ளே எள்ளைவிடச் சின்னதாக ஒரு கறுப்பு.

"மழ பேஞ்சா போய்ப் பாத்துக்கிட்டுத்தான் இருக்கறேன். கோயம்புத்தூருக்கு அனுப்புங்க" என்றாள். 

கூரியர்காரன் ஸ்பிரிட் என்றதும் எடுக்க மாட்டேன் என்றுவிட்டான். என் வீட்டுக்காரர் அதைச் சட்டைப் பைக்குள் வைத்து, வழியெல்லாம் கையால் பொத்திக்கொண்டு, ரயிலேறிப் போய்க் கொடுத்துவிட்டு வந்தார்.

அதற்கு மறுநாள் டீச்சரிடமிருந்து போன். எடுத்ததும் என்னிடம் நலம்கூட விசாரிக்கவில்லை.

"அக்கா, செல்வியக்காகிட்ட குடுங்க."

செல்வியின் இரண்டு கையிலும் களிமண். நான் ஸ்பீக்கரைப் போட்டு மேசைமேல், பாதி சுரண்டிய யானைக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"செல்வியக்கா, ஆண் தான். ரெக்க ரெண்டும் முழுசா வந்து சேந்துது. குட்டை தான். நானே பாத்துட்டேன்."

 சுற்றி இருந்தவர்கள் கையிலிருந்த வேலையை அப்படியே வைத்துவிட்டார்கள்.

"இதத் தனியா எழுதி அனுப்பியிருக்கேன்க்கா. முதல்ல பாத்தது நீங்க, நீங்க சொன்னது சரின்னு எழுதியிருக்கேன்."

போனில் டீச்சர் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. செல்வி புறங்கையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டாள், களிமண் அப்பிக்கொண்டது. போனுக்கு அருகில் குனிந்தாள்.

"சாப்ட்டீங்களா டீச்சர்?" என்று கேட்டாள்.